துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்

பள்ளிக்கூட வண்டியை ஓரங்கட்டி, விளக்குகளைப் போட்டு, கடைசிப் பிள்ளையும் பத்திரமாக இறங்கிய பிறகே அக்கா ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தாள். அது ஊருக்கே தெரிந்த கதை. மாரடைப்பு இல்லை, அழுத்தம் தாங்காமல் உடம்பு காட்டிய முரண்டாக இருக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எதற்கும் கொஞ்ச நாள் கழித்து இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். அதுவரை வண்டிச் சாவியைப் பள்ளி நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டது.

அந்த ஸ்கேன் இன்றைக்கு.

"ஓட்டலாம்" என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை அக்கா கைக்குச் சாவி வரும். கொடுக்காவிட்டால் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துப் பேசுகிற வேலை. மற்றவர்களுக்கு அது நிழலில் உட்கார்ந்து பார்க்கிற நல்ல வேலை. அக்காவுக்கு அது தண்டனை.

"ஸ்கேன்ல நான் தெரியறேனான்னு பாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அங்கதான் குடியிருக்கேன்" என்றார் மாமா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. அக்காவின் கணவர் அவர், லிஃப்ட் மெக்கானிக். மேலும் கீழும் போகிற எதைப் பார்த்தாலும் பதறாத மனிதர்.

"நீங்க குடியிருந்தா வாடகை பாக்கிதான் தெரியும்" என்றாள் அக்கா.

எதிரே நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கை சிரிக்கவில்லை.

"பாத்தியா, இதுக்குத்தான் பூட்டுன்னு பேர் வச்சேன்" என்றார் மாமா. "வீடே விழுந்து சிரிச்சாலும் திறக்காது."

தங்கைக்கு அந்தப் பெயர் நிலைத்துப் போயிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பூட்டுதான்.

அந்த மருத்துவமனையில் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுப்பவள் அவள். முகத்தைப் பூட்டிக்கொள்வது அந்த வேலையில் ஒரு பகுதி. படுக்கையில் கிடப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, எடுப்பவளின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். புருவம் ஒரு நூல் ஏறினால் போதும், தனக்கு முடிவு காலம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தும்மலை அடக்கியதைப் பார்த்துவிட்டு, ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து "வக்கீலைக் கூப்பிடணும், போன் குடும்மா" என்று கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து பூட்டு. ஆரம்பத்தில் அறைக்குள் நுழையும்போது பூட்டி, கிளம்பும்போது திறந்துவிடுவாள். பிறகு எப்போதோ ஒரு நாள் திறக்க மறந்தாள். மறந்ததே தெரியாமல் இருந்தாள். இப்போதெல்லாம் காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. தோள்பட்டை கல்லாக இருக்கிறது. இரவு படுத்தால், பகலில் வரிசையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணுக்குள் வந்து உட்காருகிறார்கள். வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"ஏய் பூட்டு, தோளை இறக்கு. காதுல போய் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள் அக்கா.

"இறக்கித்தான் வச்சிருக்கேன்."

"இதுவா? இதை இறக்க உங்க மாமாதான் வரணும், டூல் பாக்ஸோட."

"உன் வகுப்புப் பாடத்தை எல்லாம் என்கிட்ட நடத்தாதே. நேரமாச்சு, கிளம்பு."

வகுப்பு என்பது நூலகத்து மாடியில் நடக்கிற சாயங்கால வகுப்பு. அன்றாட அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று மாமாதான் அக்காவைப் பெயர் கொடுக்க வைத்தார். முதல் நாள் போய் வந்த அக்கா வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தரையில் படுக்கச் சொன்னார்களாம். கால்விரல்களை இறுக்கி விடச் சொன்னார்களாம். பிறகு கெண்டைக்கால், பிறகு தொடை, இப்படியே நெற்றி வரைக்கும். "பக்கத்துல ஒரு கணக்கு வாத்தியார். முழங்கால் வர்றதுக்குள்ள குறட்டை. டீச்சர் அவரைக் காட்டி, எவ்வளவு அழகா தளர்றார் பாருங்கன்னு பாராட்டறாங்க!"

"தூங்கறதுக்கு ஒரு வகுப்பு. அதுக்கு ஒரு டீச்சர்" என்று பூட்டு அப்போது சொன்னாள். ஆனால் அக்கா ஒரு வகுப்பையும் விடவில்லை.

*

சொந்தக்காரர்களுக்கு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் வேறு ஆளை எடுக்கச் சொல்வதுதான் அங்கே வழக்கம். பூட்டும் தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் சொல்லித்தான் வைத்திருந்தாள். ஆனால் அக்கா உள்ளே வந்த நேரம் பார்த்துத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது.

"நீயே எடுத்துடு. பார்த்துச் சொல்லப்போறது டாக்டர்தானே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஓடிவிட்டாள்.

அறை இருட்டு. திரையின் வெளிச்சம் மட்டும். அக்கா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். பூட்டு மூன்று ஒட்டுவில்லைகளை ஒட்டிக் கம்பிகளை மாட்டினாள். ஸ்கேன் கருவியின் முனையில் களிம்பைத் தடவி மார்பில் வைத்தாள்.

"ஐயோ! ஐஸ்கட்டியா டி அது?"

"பேசாதே அக்கா. படம் ஆடுது."

அக்கா கண்ணை மூடினாள். போர்வைக்கு அடியில் அவள் கால்விரல்கள் மடங்கி, பிறகு விரிவதைப் பூட்டு பார்த்தாள். அடுத்தது முழங்கால். அக்கா எதையோ ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைப்பதுபோல் இருந்தது. தோள் வந்தது, தாடை வந்தது, நெற்றி வந்தது. திரையில் துடிப்பைக் காட்டும் பச்சைக்கோடு அவசரமில்லாமல் நடந்தது.

பூட்டின் வாய்க்குள் வந்த கேலி வாய்க்குள்ளேயே நின்றது. சாவியே பறிபோகலாம் என்ற நாளில், இந்தப் படுக்கையில், இப்படி ஒரு நிதானமான இதயத்தை அவள் கண்டதில்லை. ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்தாள். சுவர்கள் சீராக அசைந்தன. வால்வுகள் சுத்தமாக மூடித் திறந்தன.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லக் கூடாது.

"சொல்லு" என்றாள் அக்கா, கண்ணைத் திறந்து.

"டாக்டர் சொல்லுவாங்க."

"உன் மூஞ்சியைப் பார்த்தா நான் செத்து ரெண்டு நாளான மாதிரி இருக்கு டி."

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அக்கா தலையைத் தூக்கித் திரையை எட்டிப் பார்த்தாள். "சரி, நல்லதா கெட்டதான்னு கேக்கல. அங்க கதவு மாதிரி ஒண்ணு படபடன்னு ஆடுதே, அது என்ன? அதைச் சொன்னாலும் குத்தமா?"

அது குற்றமில்லை. பூட்டு திரையைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினாள்.

"வால்வு. அது திறக்கும்போது மேல் அறையிலேர்ந்து கீழ் அறைக்கு ரத்தம் வரும். மூடினதும் இதயம் சுருங்கி உடம்புக்குத் தள்ளிவிடும்."

"ராவும் பகலுமா இதே வேலையா? பாவம் டி. இதுக்கு லீவே கிடையாதா?"

"கிடையாது" என்றாள் பூட்டு. சொன்ன பிறகு யோசித்தாள். "இல்ல, இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல. சுருங்கினதும் தளருமில்ல, அதுதான் லீவு. அப்பதான் உள்ள ரத்தம் நிறையும். அந்த நேரத்துலதான் அது தனக்கு வேணுங்கற ரத்தத்தையும் பெரும்பாலும் எடுத்துக்கும். சுருங்கும்போது அதோட ரத்தக்குழாயும் நெருக்குப்பட்டுப் போகும், சரியா எடுத்துக்க முடியாது."

"ஊருக்கெல்லாம் கொடுக்கும்போது தனக்கு வராது. தளர்ந்தாதான் தனக்கு."

"ஆமா. வேகமா ஓடுச்சுன்னா சுருங்கற நேரம் அவ்வளவா குறையாது. ஓய்வு நேரம்தான் குறைஞ்சு போகும்."

பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரிகள்தான். தன் வாயாலேயே சொல்லிக் கேட்டபோது யாரோ தன்னிடம் சொல்வதுபோல் பூட்டுக்கு இருந்தது.

அக்கா எழுந்து களிம்பைத் துடைத்துக்கொண்டாள். "உன்னோடதைக் காட்டு."

"என்ன?"

"ஊரெல்லாம் பாக்கறியே, உன்னோடதை எப்பவாவது பாத்திருக்கியா? வா, படு."

"விளையாடறியா? யாராவது வந்தா வேலை போயிடும்."

"வெளிய ஈ காக்கா இல்ல. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. எழுந்திரு டி, ஒரு நிமிஷம்."

படிக்கும் காலத்தில் ஒருவருக்கொருவர் எடுத்துப் பார்த்துத்தான் தொழில் பழகினார்கள். அதற்குப் பிறகு இல்லை. ஏன் படுத்தாள் என்று கேட்டால் பூட்டுக்கே பதில் தெரியாது. புதிய வில்லைகளை ஒட்டிக்கொண்டாள். ஒரு கையால் கருவியைத் தன் மார்பில் வைத்து, இன்னொரு கையை எட்டிப் பொத்தான்கள் மேல் வைத்துக்கொண்டாள்.

திரையில் ஒரு இதயம் வந்தது. ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன டி இது, நாய் துரத்தற மாதிரி?"

"படியேறி வந்தேன்."

"காலையில ஏறின படியா?"

பூட்டு திரையைப் பார்த்தாள். இப்படி ஓடும் இதயங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பயந்தவர்கள், காய்ச்சல்காரர்கள், செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள். இவளுக்கு எதுவும் நடக்கவில்லை. சும்மா படுத்திருக்கிறாள். வால்வு திறந்து முடிப்பதற்குள் மூட வேண்டியிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய அந்த இடைவெளி இருந்ததாகவே தெரியவில்லை.

அக்காவின் குரல் கேலியை விட்டுவிட்டது. "மூச்சை விடு."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இல்ல, நீ இழுக்கத்தான் செய்யற. இழுக்கறதை விட்டுடு, அது தானா வரும். விடறதை மட்டும் பாரு. சூடா ஒண்ணை ஊதிக் குடிப்பியே, அந்த மாதிரி. மெதுவா. நீளமா."

பூட்டு ஊதினாள். ஒன்றும் ஆகவில்லை.

"தாடையைக் கடிக்காத. பல்லு பல்லுல படக் கூடாது. இன்னொரு தடவை."

ஊதினாள். இன்னும் நீளமாக ஊதினாள்.

இதயம் தயங்கியது.

கண்ணால் பார்த்தாள். மூச்சு வெளியே போகப் போகத் துடிப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி நின்றன. மூச்சு உள்ளே வந்ததும் சற்றே வேகம் பிடித்தன. மறுபடி விட்டாள். மறுபடி தள்ளி நின்றன. இப்படி நடக்கும் என்று அவளுக்குப் படிப்பிலிருந்து தெரியும். ஆனால் தெரிந்து வைத்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தினமும் இதயங்களை எட்ட நின்று பார்ப்பவள் அவள். அவை தம்பாட்டுக்கு ஓடும், இவள் தன்பாட்டுக்குப் படம் எடுப்பாள். சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு இதயம் நின்று திரும்பிப் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறாள். அதுவும் தன்னுடையது.

இடைவெளி விரிந்தது. வால்வின் இரண்டு இதழ்களும் திறந்து, ரத்தத்தை உள்ளே விட்டு, மூடாமல் அப்படியே மிதந்தன. ஒன்றுமே நடக்காத ஒரு சின்ன நேரம். கறுப்பாக, அமைதியாக, நிறைந்துபோய். பிறகு மேல் அறை மென்மையாக ஒரு தள்ளுத் தள்ளியது, இதழ்கள் மூடின, எல்லாம் மறுபடி தொடங்கியது.

அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். பேச்சு வந்தபோது அது ரகசியம் பேசுவதுபோல் வந்தது.

"இது எப்ப ஆரம்பிச்சது?"

"பொறக்கறதுக்கு முன்னாடியே. அம்மா வயித்துல."

"அப்ப ரெண்டு பேரோடதும் ஒரே இடத்துலதான் ஆரம்பிச்சிருக்கு."

"ஆமா."

"யாரும் கூப்பிட்டுச் சொல்லல. யாரும் நன்றி சொல்லல. நாம திட்டினப்பவும் துடிச்சிருக்கு, தூங்கினப்பவும் துடிச்சிருக்கு." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "கண்ணு வேர்க்குது டி எனக்கு."

பூட்டு மூச்சை விட்டாள். தோள் படுக்கையில் போய் இறங்கியது. அது இத்தனை நாள் படுக்கையைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கதவை யாரோ தட்டினார்கள்.

*

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். அக்கா வெளியே நாற்காலியில் டாக்டரின் அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

ஒரு இளைஞனுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தபோது நல்ல படம் ஒன்று கிடைத்தது. பூட்டின் இடது கை தானாகப் போய்ச் சேமிப்புப் பொத்தானைத் தட்டியது.

அவளுக்குக் குப்பென்று வேர்த்தது.

கை! நல்ல படம் வந்தால் தட்டிப் பழகிய கை. தான் படுத்திருந்தபோதும் அது தட்டியிருக்கும். கணினியில் அக்காவின் பெயரில் திறந்த கோப்பை மூடாமலேயே படுத்தவள் அவள். எழுந்ததும், கதவு தட்டுகிற அவசரத்தில், எப்போதும்போல முடித்து அனுப்பியும் விட்டாள்.

இளைஞனை அனுப்பிவிட்டுப் பார்த்தாள். அக்காவின் பெயரில் இருக்க வேண்டியதைவிட நிறையப் படங்கள். எல்லாம் டாக்டரின் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இவள் இருக்கும் இடத்திலிருந்து அழிக்க வழியில்லை.

வெளியே ஓடி அக்காவிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் வந்தார். "ரெண்டு பேரையும் டாக்டர் கூப்பிடறாங்க."

"நீ வாயைத் திறக்காதே" என்றாள் அக்கா, நடந்துகொண்டே. "நான் பாத்துக்கறேன்."

"அக்கா—"

"மெஷின்ல நீ ஏறிப் படுத்தேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. படுக்க வச்சது நான். பேசாம வா."

டாக்டர் அதிகம் பேசாத அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. முதல் பாதி ரொம்ப அமைதியா இருக்கு. நடுவுல திடீர்னு ஓட ஆரம்பிக்குது. போகப் போகக் குறையுது." அக்காவைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளோடதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. ஆனா பேர் ஒண்ணுதான் போட்டிருக்கு. நீங்க சொல்லுங்க."

"ரெண்டும் என்னோடதுதான் டாக்டர்" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். "நடுவுல கொஞ்சம் பயந்துட்டேன். பெறகு மூச்சு விட்டேன், சரியாயிடுச்சு."

"படுத்திருக்கும்போதே இப்படி ஓடுதுன்னா காரணம் கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் பிள்ளைங்க வண்டியை ஓட்டலாம்னு நான் எழுத முடியாதும்மா."

"பரவாயில்ல டாக்டர்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! பூட்டு பக்கவாட்டில் பார்த்தாள். மடியில் இருந்த அக்காவின் கைகள் இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. விரல்கள் வெளுத்திருந்தன.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

பூட்டு முதலில் மூச்சை விட்டாள். பிறகு சொன்னாள். "பொய் சொல்றா டாக்டர். முதல் பாதிதான் அவளோடது. ரெண்டாவது என்னோடது."

"ஏய்!"

"நீ சும்மா இரு அக்கா. நான்தான் படுத்தேன் டாக்டர். எடுத்ததும் நான்தான். அவ ஃபைலை மூடாம விட்டதும் நான்தான். சந்தேகமா இருந்தா இப்பவே வேற யாரையாவது விட்டு அவளுக்கு மறுபடி எடுக்கச் சொல்லுங்க. இதே அமைதிதான் வரும். அது அவளுக்கு வகுப்புல வந்தது, அவளே சம்பாதிச்சது."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"மறுபடி எடுக்கத்தான் வேணும்" என்றார் டாக்டர். "சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம். இதே மாதிரி வந்தா, இந்த இதயம் வண்டி ஓட்டறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல." பிறகு பூட்டின் பக்கம் திரும்பினார். "நீங்க செஞ்சதை நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். அவங்க என்ன முடிவெடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"சரி டாக்டர். எழுதுங்க."

"அது நாளைக்கு." டாக்டர் விளக்கை அணைத்தார். திரையில் பூட்டின் இதயம் மறுபடி ஓடத் தொடங்கியது. சுவர் அளவுக்குப் பெரிதாக, மூச்சிரைக்க. "எத்தனை நாளா இப்படி ஓடுது?"

நல்லாத்தான் இருக்கேன் என்ற பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்ன பதில். திரையில் அந்த இதயம் முதல் தடவையாகத் தயங்கியது. இதழ்கள் திறந்து மிதந்தன. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல டாக்டர்" என்றாள் பூட்டு. "நானே இன்னைக்குத்தான் அதைப் பார்த்தேன்."

டாக்டர் தன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

வெளியே போகச் சொல்வார்களோ என்று அக்கா கதவைப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.